துரை வீட்டுப் பியரும் லயத்துப் பானையும்



நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்தது 1885ஆம் ஆண்டு மே மாதத்தில். கண்டிக்கு 1867இலும், நாவலப்பிட்டிக்கு 1874இலும், அட்டனுக்கு 1884இலும் வந்து சேர்ந்த தண்டவாளம், அடுத்த வருடம் ஐயாயிரத்து இருநூறு அடிக்கும் மேலான இந்த உயரத்துக்கு ஏறிவிட்டது. இந்த நிலையத்திலிருந்து கீழே இறங்கிய தேயிலைப் பெட்டிகளைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். மேலே ஏறி வந்த சாமான்களைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. லயத்து மக்களுக்கு அரிசி மூட்டை வந்தது. துரைமாருக்கு வைன், பிஸ்கட் டின், பியானோ எல்லாம் வந்தன. அவற்றோடு கப்பலில் வந்து கொழும்பில் இறங்கிய பார்லி மோல்ட் மூட்டைகளும் ஹொப்ஸ் பொதிகளும் இந்த வழியாகத்தான் ஏறியிருக்கவேண்டும். ஏனெனில் இங்கிருந்து ஏறக்குறைய ஆறு மைல் தூரத்தில், நுவரெலியாவில், 1881 முதல் ஒரு பியர் தொழிற்சாலை இயங்கிவந்தது.

அந்தத் தொழிற்சாலையின் கதை ஒரு வீட்டில் தொடங்குகிறது. இன்று நாம் பேசப்போவது அந்த வீட்டைப் பற்றியும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த லயன் காம்பராக்களைப் பற்றியும்.

வீட்டுக்காரர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய், 1864இல் அல்பேர்ட் ஏரியைக் கண்டு, சேர் பட்டம் பெற்றவர் அவர்தான். 1840களில் வேட்டைக்காக இலங்கைக்கு வந்தார். ஒரு வருடம் யானையும் மரையும் சுட்டுத் திரிந்தபின் காட்டுக் காய்ச்சல் பிடித்தது. உடம்பு தேறுவதற்காக நுவரெலியாவுக்கு வந்தவருக்கு அந்தக் குளிர் பிடித்துப்போயிற்று. இங்கேயே ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்கிவிடலாம் என்று தீர்மானித்தார். 1848 செப்டெம்பரில் லண்டனிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அதிலே பண்ணைக் காரியஸ்தர், கொல்லர், குதிரைக்காரர், டர்ஹம் இனப் பசு, செம்மறிக் கடாக்கள், வேட்டை நாய்கள் என்று ஒரு கிராமத்துக்கு வேண்டிய எல்லாமும் இருந்தன.

தாம் பட்ட பாட்டையெல்லாம் பேக்கர், இலங்கையில் தாம் அலைந்த எட்டு ஆண்டுகளைப் பற்றி 1855இல் வெளியிட்ட நூலிலே எழுதி வைத்திருக்கிறார். குதிரைக்காரர் வண்டியைப் பள்ளத்தில் உருட்டிவிட்டார். அதை மீட்கக் கொடுத்த யானையையும் ஓட்டி ஓட்டியே சாகடித்துவிட்டார். விதைத்த ஓட்ஸைக் காட்டு மரையும் பன்றியும் மேய்ந்தன. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஆடு மாடுகள் நோயில் மாண்டன. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்ற ஒரு குடியேற்றத்திலே 1849இல் பேக்கர் தமது சொந்தப் பாவனைக்கும் அயலிலிருந்த துரைமாருக்குமாகப் பியர் காய்ச்சத் தொடங்கினார் என்று அத்தொழிற்சாலையின் வழிவந்த நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்கிறது.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். பேக்கர் தேயிலைத் துரைமாருக்காகப் பியர் காய்ச்சினார் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. 1849இல் தேயிலைத் துரை ஏது? ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867இல். பேக்கரின் காலத்தில் இருந்தவர்கள் கோப்பித் துரைமார். இவர்களுடைய தோட்டங்களுக்குத்தான் நம்மவர்கள் மன்னாரிலே இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியிலேயே பலர் மாண்டுபோக, மிஞ்சியவர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்த நடையும் இந்தப் பியரும் ஒரே பத்தாண்டைச் சேர்ந்தவை என்பதை மறந்துவிடக்கூடாது.

ஒரு வேட்டைக்காரர் ஏன் பியர் காய்ச்சப் போனார்? காரணம் எளிது. இங்கிலாந்துப் பியர் கப்பலில் மாதக்கணக்காக வெப்பமண்டலக் கடல்களைக் கடந்து, கொழும்பில் இறங்கி, மாட்டு வண்டியில் கண்டிக்கு வந்து, ரம்பொடக் கணவாய் ஏறி நுவரெலியாவை அடையவேண்டும். அதுவரை புளிக்காமல், உடையாமல் வந்த போத்தலின் விலையைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நுவரெலியாவில் ஒரு வசதி இருந்தது. கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பம் 27, 28 பாகை செல்சியஸ். அங்கே பியரை நொதிக்க வைத்தால் மதுவம் என்னும் ஈஸ்ட் வெறிபிடித்து வேலை செய்யும், வேண்டாத வாடைகளைக் கக்கும், பக்டீரியாவும் முந்திக்கொள்ளும். ஆறாயிரத்து நூறு அடி உயரத்து நுவரெலியாவில் சராசரி 16 பாகைதான். ஏல் என்ற ஆங்கிலப் பியர் வகைக்கு அது அளந்து கொடுத்த குளிர். பனிக்கட்டி இயந்திரம் இல்லாத காலத்தில் பியர் காய்ச்ச விரும்பிய வெள்ளைக்காரர் மலைக்கு ஏறியதற்கு இதுவே காரணம். இமயத்தின் கசௌலியிலும் முறியிலும், நம் தமிழ்நாட்டு நீலகிரியில் உதகமண்டலத்திலும் நடந்தது இதுதான்.

பியர் என்பது வடிப்பது அல்ல, நொதிக்க வைப்பது. இந்த வேறுபாடு பின்னால் நமக்குத் தேவைப்படும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து வறுத்தால் மோல்ட். அதை உடைத்து ஏறக்குறைய 65 பாகைச் சுடுநீரில் ஒரு மணிநேரம் ஊறவிட்டால், முளையிலே பிறந்த நொதியங்கள் மாப்பொருளைச் சர்க்கரையாக்கிவிடும். அந்த இனிப்பு நீரை இறுத்து, கசப்புக்கும் காவலுக்குமாக ஹொப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைக்கவேண்டும். பிறகு நன்றாக ஆறவைத்து மதுவத்தைச் சேர்த்தால், அது சர்க்கரையைத் தின்று அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் தரும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ பொறுத்திருந்து, போத்தலில் அடைத்து, இன்னும் இரண்டு வாரம் பொறுக்கவேண்டும்.

சொல்வதற்கு இவ்வளவுதான். செய்யும்போதுதான் சங்கடம். வெப்பமானி கைக்கு வருமுன் இங்கிலாந்துப் பண்ணை வீடுகளில், கொதித்த நீரின் ஆவி அடங்கித் தன் முகம் நீரில் தெரியும் தருணத்தில் மோல்ட்டைக் கொட்டுவார்கள். சிலர் கொதிநீர் இத்தனை பங்கு, பச்சைத் தண்ணீர் இத்தனை பங்கு என்று கலப்பார்கள். இந்தக் கணக்கு நுவரெலியாவில் பிசகிவிடும். அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பது நூறு பாகையில் அல்ல, 94 பாகையளவில். இங்கிலாந்துக் கணக்கிலே கலந்தால் ஊறல் சூடு குறைந்துபோய், பியர் சாரமில்லாமல் தண்ணீராக வரும். ஹொப்ஸின் கசப்பு இறங்குவதற்கும் கூடுதல் நேரம் கொதிக்கவேண்டும். நானுஓயாவில் பருப்பு வேகவைக்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்த விஷயம் விஞ்ஞானப் புத்தகம் இல்லாமலே தெரியும்.

அடுத்தது, நொதிக்காமல் நின்றுபோவது. தை, மாசியில் இப்பிரதேசத்தில் புல்லின்மேல் உறைபனி படியும். அப்படிப்பட்ட இரவில் மதுவம் சுருண்டு அடியில் படுத்துவிடும். பீப்பாயைச் சாக்குச் சுற்றி அடுப்படிக்கு நகர்த்தவேண்டும். மெல்லக் கலக்கி எழுப்பவேண்டும். அவசரப்பட்டு அப்படியே போத்தலில் அடைத்தால் வெண்ணெய் வாடை அடிக்கும். மதுவம் தான் உண்டாக்கிய ஒரு பொருளைத் தானே திரும்ப உண்டு முடிக்காததால் வருவது அந்த வாடை. கடைசி இரண்டு மூன்று நாள் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்திருந்தால் போய்விடும்.

புளிப்பு இன்னொரு பிரச்சினை. பாத்திரத்தின் கீறலில், மரப்பீப்பாயின் இடுக்கில் ஒளிந்திருக்கும் பக்டீரியா இலற்றிக்கமிலத்தை உண்டாக்கும். காற்றுப்பட்டால் அசற்றிக்கமிலம் சேர்ந்து காடியாகிவிடும். கொதித்து ஆறிய பிறகு தொடுகிற ஒவ்வொரு பொருளும் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து கிடையாது. இன்றைக்கும் வீட்டிலே பியர் செய்பவர்களின் தோல்விகளில் பெரும்பங்கு இதனால்தான்.

போத்தல் வெடிப்பதோ ஆபத்தானது. சர்க்கரை முற்றாகத் தீருமுன் அடைத்தாலும், நுரைக்கென்று சேர்க்கும் சீனி கூடிப்போனாலும் வெடிக்கும். ஒரு லீற்றருக்கு ஆறு ஏழு கிராம் சீனி போதும். திரவமானியை மிதக்கவிட்டு, மூன்று நாள் அளவு மாறாமல் நின்றால்தான் அடைக்கலாம். மலையிலே குளிரில் அமைதியாக இருக்கும் போத்தல் கொழும்புக்கு இறங்கியதும் உள்ளே தூங்கிய மதுவம் விழித்துக்கொள்ளும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். வெயிலில் வைத்தால் வேறொரு வில்லங்கம்: ஹொப்ஸின் சாரம் ஒளிபட்டு நிமிடக்கணக்கில் நாறத் தொடங்கும். பியர் போத்தலுக்கு மண்ணிறம் வந்த காரணம் அழகல்ல.

பேக்கரின் காலத்தில் இவற்றுக்கெல்லாம் காரணம் எவருக்கும் தெரியாது. லூயி பாஸ்டர் பியரைப் பற்றிய தமது ஆய்வு நூலை வெளியிட்டது 1876இல். டென்மார்க்கில் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் கலப்பில்லாத மதுவத்தைத் தனியே பிரித்து வளர்த்தது 1883இல். அதுவரை பழைய பீப்பாயின் அடிமண்டியை எடுத்துப் புதியதில் ஊற்றுவதுதான் முறை. நம் அம்மாமார் பழைய மாவிலே கொஞ்சம் எடுத்து வைத்து அடுத்த நாள் மாவிலே கரைப்பதும், அப்பத்துக்குக் கள் ஊற்றிப் புளிக்க வைப்பதும் இதே வித்தைதான்.

வித்தை என்றதும் இலக்கிய நேயர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவூட்டவேண்டும். தானியத்திலிருந்து வீட்டிலே மது சமைப்பதை வெள்ளைக்காரர் நமக்குக் கொண்டுவரவில்லை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலே, தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை வழிப்படுத்தும் உருத்திரங்கண்ணனார், வலைஞர் குடியிருப்பின் விருந்தைச் சொல்லும் இடத்தில் ஒரு முழுச் செய்முறையையே தந்துவிடுகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி எடுக்கிறார்கள். அதை அகன்ற வாயுடைய தட்டிலே பரப்பி ஆற்றுகிறார்கள். புற்றினுள் இருக்கும் குரும்பியைப் போன்ற தோற்றமுடைய அடையை அதிலே கலக்கிறார்கள்; இதனை முளையரிசி கொண்டு செய்த அடை என்று உரைகாரர் கொள்வர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின், வலிய வாயையுடைய சாடியிலே முற்ற விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள்.

களி, ஆற்றுதல், அடை, காத்திருத்தல், சாடி, பிழிதல். ஒரு படியும் தவறவில்லை. சூட்டோடு கலந்தால் நொதியூட்டும் பொருள் செத்துவிடும் என்பதால் முதலில் ஆற்றவேண்டும். ஆறுவதற்கு அகன்ற தட்டு வேண்டும். விளைவதற்குக் கனமான சாடி வேண்டும். இந்த விவரங்களைக் கற்பனையால் எழுதமுடியாது. புலவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அதே நூலின் வேறோரிடத்தில் வீட்டிலே சமைத்த கள் என்று பொருள்படும் ஒரு தொடரும், தோப்பி என்ற பெயரும் வருகின்றன. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றியது 1889இல். நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்து நான்கு வருடம் கழித்து.

ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. இத்தனை நுட்பமாக வீட்டில் மது சமைக்கத் தெரிந்த ஒரு மொழியின் மக்கள், வெள்ளைக்காரர் வீட்டில் பியர் சமைத்த அதே மலையில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்தும், அவர்களுக்கென்று ஒரு பானம் அங்கே ஏன் உருவாகவில்லை? தோப்பியின் இடத்தில் ஏன் கசிப்பு வந்து நின்றது?

அதற்குமுன் தொழிற்சாலையின் கதையை முடித்துவிடுகிறேன். பேக்கர் 1855இல் இலங்கையை விட்டுப் போய்விட்டார். 1869இல் கோப்பி இலையில் பூஞ்சண நோய் தோன்றியது. நுவரெலியாவில் தொழிற்சாலை தொடங்கிய 1881 அளவில் கோப்பித் துரைமார் பலர் கையை விரித்துக்கொண்டு நின்ற காலம். தோட்டங்கள் சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் மாறிக்கொண்டிருந்தன. கோப்பி செத்துக்கொண்டிருந்தபோது பியர் பிறந்தது. பின்னர் வட இந்தியாவின் முறி நிறுவனம் இதையும் தன் கிளைகளில் ஒன்றாக நடத்தியது. (அந்த முறி நிறுவனத்தை நடத்திய எட்வர்ட் டயரின் மகன்தான் 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் சுடச்சொன்ன ஜெனரல் டயர். கதைகள் எங்கெங்கோ போய் முட்டுகின்றன.) 1911இல் லின்ட்சே வைட் என்பவர் அதனை வாங்கி, சிலோன் புருவரி என்ற கம்பனியாக்கினார். பிதுருதலாகலையின் அடியிலிருந்து வரும் லவர்ஸ் லீப் நீரூற்றுத் தண்ணீரே அந்தப் பியருக்கு ஆதாரமாக இருந்தது. 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கும் கந்தப்பளைக்கும், அடுத்த வருடம் இராகலைக்கும் ஒரு குட்டி ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டரை அடி அகலப் பாதை. லொறியும் பஸ்ஸும் வந்ததும் 1940களில் அது நின்றுபோய்விட்டது.

இனி லயத்துக்கு வருவோம்.

காம்பரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. இதற்குள் ஒரு குடும்பம். சில வேளை இரண்டு. பியர் சமைக்க வேண்டியவை எவை என்று மேலே பார்த்தோம்: பெரிய பாத்திரம், சுத்தமான இடம், நாலு வாரப் பொறுமை, கெட்டுப்போனால் கொட்டிவிடக்கூடிய அளவு தானியம். இந்த நான்கில் ஒன்றாவது அந்தக் காம்பராவில் இருந்ததா? தானியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல பத்தாண்டுகள் அரிசியைத் தோட்டமே கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்தது. மாத முடிவில் கணக்கைப் பார்த்தால் கையில் மிஞ்சுவது சொற்பம். அளந்து கொடுத்த அரிசியில் தோப்பி சமைக்க யாருக்கு மனம் வரும்?

நொதிக்கவைக்கும் அறிவு அந்த மக்களிடம் இல்லாமல் போய்விடவில்லை. மாவை அரைத்து வைத்து, நானுஓயாக் குளிரில் அது பொங்காது என்பதால் சட்டியைத் துணி சுற்றி அடுப்போரத்தில் வைப்பார்கள். பழஞ்சோற்று நீராகாரமும் அதே அறிவுதான். பேக்கர் பீப்பாயை நகர்த்தியிருந்தால் எதற்காக நகர்த்தியிருப்பாரோ, அதற்காகவே இந்தப் பெண்கள் சட்டியை நகர்த்தினார்கள். ஆனால் அந்த அறிவு காலை உணவோடு நின்றது. மாவுச் சட்டிக்கு ஓர் இரவு போதும்.

மதுவுக்கு வேறு வழி இருந்தது. வழி என்பதைவிடக் கண்ணி என்பதே பொருத்தம். தென்னை வளராத உயரம் இது. கித்துளும் பெரும்பாலும் கீழ்ப் பள்ளத்தாக்குகளோடு நின்றுவிடும். கள் இறக்கிய சில மணிநேரத்திலேயே புளிக்கத் தொடங்கி, ஓரிரு நாளில் காடியாகிவிடும் சரக்கு. அதைப் பாதி வழி கொண்டுவருவதே பாடு. ஆகவே இந்த மலைக்குச் சாராயமே வசதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்தவர்களுக்குத் தோட்டப் பகுதித் தவறணைகள் பொன் விளையும் பூமியாக இருந்தன. இலங்கையின் பெரிய பணக்காரக் குடும்பங்கள் பலவற்றின் முதல் மூலதனம் சாராயக் குத்தகையில் திரண்டது என்பதைக் குமாரி ஜயவர்த்தன விரிவாக ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் நூலாகவே வெளியிட்டிருக்கிறார். பிரட்டுக்களத்தில் பேர் போட்டு வாங்கிய கூலியின் ஒரு பகுதி தவறணை வழியாகக் கொழும்புக்கு இறங்கி, அங்கே மாளிகையாக எழுந்தது. தேயிலைப் பெட்டியைப் போல அதுவும் கீழே இறங்கிய சரக்குத்தான், பதிவேட்டில் ஏறவில்லை.

1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. அவ்வாண்டின் எட்டாம் இலக்கச் சட்டம். சாராயத் தவறணையையும் கள்ளுத் தவறணையையும் பிரித்து, கள்ளுத் தவறணைகளைப் பெருக்கும் அரசாங்கத்தின் திட்டத்துக்கு எதிராகத் தீவெங்கும் மதுவிலக்குக் கிளர்ச்சி எழுந்தது. அநகாரிக தர்மபால, சேனநாயக்க சகோதரர்கள் போன்றோரின் பெயர்கள் அதிலே அடிபட்டன. தேசிய அரசியலின் முதற்படி என்று வரலாற்றாசிரியர்கள் அக்கிளர்ச்சியைக் குறிப்பிடுவர். தோட்டத் தொழிலாளருக்கு அன்று வாக்கும் கிடையாது, வாயும் கிடையாது. ஆனால் சட்டம் அவர்களையும் சேர்த்துத்தான் கட்டியது: அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் மதுபானம் செய்யக்கூடாது.

சட்டத்துக்குப் பயந்து ஒளித்துச் செய்பவன் எதைச் செய்வான் என்று யோசித்துப் பாருங்கள். பியர் செய்யமாட்டான். நூறு போத்தல் பியரை ஒளிக்க இடம் வேண்டும். நாலு வாரம் அது வாடை வீசும். விற்றாலும் சொற்பக் காசு. சீனி, தண்ணீர், ஈஸ்ட் மூன்றையும் ஒரு பீப்பாயில் கலந்து காட்டோரம் புதைத்தால் சில நாளில் கோடா தயார். அதை ஓரிரவில் வடித்தால் கையில் பிடிக்கக்கூடிய கேனுக்குள் கசிப்பு அடங்கிவிடும். கோடா புளித்தால் என்ன, பூச்சி விழுந்தால் என்ன, எப்படியும் வடிக்கப்போகிறான். ருசி அங்கே கணக்கில் இல்லை. வீட்டுப் பியர்காரன் மூக்கைச் சுளித்துக் கொட்டிவிடும் அத்தனை குறைகளையும் வடிகலம் மறைத்துவிடும். அது மறைக்காதவை வேறு: ஈயம் பூசிய குழாயிலிருந்து இறங்கும் நஞ்சு, பழைய இரசாயனப் பீப்பாயின் எச்சம், வீரியத்துக்கென்று பேராசையில் கலக்கும் கண்ட கண்ட திரவம். தடை எங்கே இறுகுகிறதோ அங்கே மெல்லிய மது மறைந்து கடும் மது மேலெழுவது நம் மலைக்கு மட்டும் உரிய கதையல்ல. 1920இலிருந்து 1933 வரை அமெரிக்காவில் நடந்ததும் இதுவே.

குடியால் தோட்டத்துக் குடும்பங்கள் பட்ட துன்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சம்பள நாளன்று லயத்துப் பிள்ளைகள் எந்தக் காலடிச் சத்தத்துக்குப் பயந்தார்கள் என்பதை மலையகச் சிறுகதைகள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. ஆனால் ‘தோட்டத்தான் குடிகாரன்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறவர்களிடம், அவனுக்கு என்ன மது கொடுக்கப்பட்டது, எதைச் செய்ய விடப்படவில்லை என்றும் கேட்கவேண்டும். துரை வீட்டுப் பியர் வரலாறாயிற்று. அதற்கு ஓர் ஆண்டும் ஒரு பெயரும் கிடைத்தன. அடுப்போரத்தில் சட்டி நகர்த்திய கைக்கு அப்படியொரு பியர் சமைக்கத் தெரியாமலில்லை. பொறுத்திருக்க ஓர் அறை கிடைக்கவில்லை.

நுவரெலியாத் தொழிற்சாலையின் பியர் இந்த நூற்றாண்டு தொடங்குமுன் மலையை விட்டு இறங்கிவிட்டது. 1990களில் கொழும்புக்கு அருகே பியகமவில் புதிய ஆலை எழுந்தது; குளிருக்காக மலையேற வேண்டிய தேவையை இயந்திரம் போக்கிவிட்டது. ஹான்சன் மதுவத்தைப் பிரித்தெடுத்த அதே கார்ல்ஸ்பேர்க்கின் பியரும் அங்கே தயாராகத் தொடங்கியது. 1881 என்ற ஆண்டை அந்நிறுவனம் இன்றும் தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்கிறது. அங்கே தயாராகும் கறுப்பு ஸ்டவுட்டை, பியரைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்ட மைக்கல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர் உலகறியப் புகழ்ந்து எழுதினார்.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் வீட்டில் பியர் காய்ச்ச அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. 1880இல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த அந்த விதியை 1963இல் நிதியமைச்சர் ரெஜினோல்ட் மோட்லிங் எடுத்துவிட்டார். அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். அதன்பின் அந்நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் சமையலறையில் பியர் சமைத்து, புளித்ததையும் வெடித்ததையும் ஒருவருக்கொருவர் சொல்லித் திருத்திக்கொள்கிறார்கள். இலங்கையில் 1912ஆம் ஆண்டின் சட்டம் எத்தனையோ திருத்தங்களோடு இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மதுவரித் திணைக்களத்தாரோ பொலிஸாரோ கோடாப் பீப்பாயைக் கண்டெடுத்தால் அங்கேயே கவிழ்த்து ஊற்றிவிட்டு, ஆளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.